கடைசிப் பக்கம் இல்லாத நாவலுக்கு ஒரு கூட்டம்

போன வாரம் ஹேமா போன் செய்தாள். நான் ஓய்வு பெறும் வரை உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நூலகர்.

"மேடம், ஆன்லைன்ல ஒரு சிறுவர் நாவலை வெச்சி கலந்துரையாடல் நடத்தலாம்னு இருக்கேன். கொரோனா டைம்ல நீங்க ஒன்னு நடத்தினீங்களாமே. மொதல்ல என்னா பண்ணணும்?"

"மொதல்ல புக்குக்கு முடிவு இருக்குதான்னு பாரு" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அதைப் போனில் விளக்க முயன்றபோது பாதியில் டவர் போய்விட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்தது திருத்தணியில் ஒரு அறக்கட்டளை நடத்திய நூலகம். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், ஒரு டிபன் கடையின் மாடியில் இருந்தது. எங்கள் புத்தகங்களில் எதை விரித்தாலும் லேசாக சாம்பார் வாசனை வரும். நூலகப் படிப்புக்காகத் தினமும் சென்னைக்கு மின்சார ரயிலில் போய் வந்தேன். அங்கே கற்றதில் பாதியை அரக்கோணம் தாண்டுவதற்குள் மறந்துவிடுவேன். மறக்காமல் கையில் தங்கியது ஒன்றுதான், புதுப் புத்தகத்தைத் திறக்கும் முறை.

புதுப் புத்தகத்தைச் சட்டென்று நடுவில் விரிக்கக் கூடாது, முதுகு முறிந்துவிடும். முதுகை மேசையில் நிறுத்தி, முதலில் முன்னட்டையையும் அடுத்துப் பின்னட்டையையும் சாய்க்க வேண்டும். பிறகு முன்னாலிருந்து கொஞ்சம் பக்கங்கள், பின்னாலிருந்து கொஞ்சம் பக்கங்கள் என்று மாற்றி மாற்றி விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். அப்படி வரும்போதே பக்க எண்கள் வரிசையாக இருக்கின்றனவா, எதுவும் தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கிறதா, வெற்றுத்தாள் புகுந்திருக்கிறதா என்று கண் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் முத்திரை, எண், முதுகுச் சீட்டு எல்லாம். என் கையைத் தாண்டாமல் எந்தப் புத்தகமும் அலமாரிக்குப் போனதில்லை, அந்த ஒரு நாவலைத் தவிர.

எங்கள் செயலாளர் தணிகாசலம் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏதோ அலுவலகத்தில் நெடுங்காலம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கோபம் அதிகமானால் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். "முறைன்னு ஒன்னு இருக்குதும்மா" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

ஒருநாள் ஜன்னல் வழியாக ஒரு குரங்கு வந்து சமையல் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. மலையிலிருந்து அவை இறங்கி வருவது எங்கள் ஊரில் செய்தியே இல்லை. எதிர் லாட்ஜின் சன்ஷேடில் உட்கார்ந்து அது பக்கம் புரட்டிக்கொண்டிருந்தது. நான் பதிவேட்டில் 'தொலைந்தது' என்று எழுதப் போனேன்.

"எப்படிம்மா தொலைஞ்சதுன்னு எழுதுவ?" என்றார் செயலாளர், தாழ்ந்த குரலில். "தொலைஞ்சிருந்தா எங்க இருக்குதுன்னு தெரியக் கூடாது. இது எங்க இருக்குதுன்னு உனக்கும் தெரியுது, எனக்கும் தெரியுது. தோ, அங்க இருக்குது."

"அப்போ என்னன்னு சார் எழுதறது?"

"வெளியில இருக்குதுன்னு எழுது."

சாயங்காலம் லாட்ஜ்காரர் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். உரிய காலத்துக்குள் திரும்பியது என்று எழுதச் சொன்னார் செயலாளர். எழுதினேன். இப்படிப்பட்டவரோடுதான் நான் ஆன்லைன் கூட்டம் நடத்தினேன்.

ஊரடங்கு தளர்ந்து கடைகளும் தறிகளும் ஓடத் தொடங்கியிருந்தன. பள்ளிகள் மட்டும் திறக்கவில்லை, நூலகமும் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடக்கிறார்களே, ஆளுக்கொரு பிரதி கொடுத்து ஒரே நாவலைப் படிக்கச் சொல்லி, எல்லாரையும் செல்போனில் கூட்டிப் பேச வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். செயலாளர் ஒப்புக்கொண்டார். நாவலையும் அவரே தேர்ந்தெடுத்தார். பள்ளிப்பட்டில் இருக்கும் ஓவிய ஆசிரியர் முனிரத்தினம், ஓய்வு பெற்ற பிறகு எழுதிய நாவல் அது. லட்டு என்ற எருமையை வீட்டார் ஆந்திரப் பக்கத்துச் சந்தையில் விற்றுவிடுகிறார்கள். செல்வி என்ற சிறுமி யாரிடமும் சொல்லாமல் தேடிப் போய் அதை ஓட்டிக்கொண்டு வருகிறாள். நல்ல கதை.

புத்தகக் கட்டு பதிப்பகத்திலிருந்து நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனது. கிருமி சாகட்டும் என்று எல்லாப் பிரதிகளையும் மொட்டை மாடியில் வெயில் காட்டினார். பிறகு காகிதத்தில் சுற்றி, பால்காரர் வண்டியில் பிள்ளைகளின் வீடுகளுக்கு அனுப்பிவிட்டார். எனக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது.

நான் பாதி படித்திருந்தபோது அம்மையார்குப்பத்திலிருந்து பாபு போன் செய்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் மகள் யாமினி ஐந்தாம் வகுப்பு, எங்கள் உறுப்பினர்.

"மேடம், அந்த எருமை என்னா ஆச்சி மேடம்?"

"எந்த எருமைங்க?"

"கதையில வர்ற எருமை. எம்பொண்ணு சரியா சோறு துன்ன மாட்றா. 'நைனா, என்னா ஆச்சி, என்னா ஆச்சி'ன்னு அழுதுகினே கீறா. நான் தறியைப் பாப்பனா, எருமையைப் பாப்பனா?"

"கடைசி வரைக்கும் படிக்கச் சொல்லுங்க. முடிவுல தெரிஞ்சிடும்."

"முடிவே இல்ல மேடம். நீங்களே பாருங்க."

பார்த்தேன். என் பிரதியின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'வெள்ளம் செல்வியின் இடுப்புக்கு ஏறியது. நடு ஆற்றில் நின்ற லட்டு திரும்பி,' அவ்வளவுதான். காற்புள்ளிக்கு அடுத்து பின்னட்டை. அச்சகத்தில் பதினாறு பக்கங்களைச் சேர்த்து ஒரு ஃபாரம் என்பார்கள். கடைசி ஃபாரத்தைத் தைக்காமலே அட்டை போட்டிருக்கிறார்கள். வரிசையாக எல்லா வீடுகளுக்கும் போன் போட்டேன். எல்லா வீட்டிலும் லட்டு திரும்பி, காற்புள்ளியில் நின்றுகொண்டிருந்தது. பதிப்பகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை.

செயலாளரிடம் சொன்னேன். "கூட்டத்தைத் தள்ளி வெச்சிடலாம் சார்."

"தள்ளி வெக்கணும்னா செயற்குழு தீர்மானம் போடணும். செயற்குழு நேர்லதான் கூடணும்னு விதி. நேர்ல கூடக் கூடாதுன்னு அரசாங்கம் சொல்லியிருக்குது. அதனால தள்ளி வெக்க முடியாது."

"அப்போ முடிவு தெரியாம எப்படி சார் பேசறது?"

"முடிவைத் தவிர மத்ததைப் பேசுங்க."

எழுதியவரிடமே கேட்டுவிடலாம் என்று பள்ளிப்பட்டுக்குப் போன் போட்டேன். முனிரத்தினம் சார் மிகவும் மரியாதையாகப் பேசினார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, எந்த முடிவு அச்சாச்சின்னு எனக்கே ஞாபகம் இல்லியே."

"சார்?"

"மொதல்ல லட்டு செத்துப்போற மாதிரி எழுதினேன். என் சம்சாரம் ரெண்டு நாள் மூஞ்சி குடுத்துப் பேசல. அப்பால மாத்தினேன். அது எனக்குப் பிடிக்கல, திரும்ப மாத்தினேன். கடைசியா எதைக் கொண்டுபோய்க் குடுத்தேன்னு தெரியல. கையெழுத்துப் பிரதி அவங்ககிட்டதான் இருக்குது. எனக்கு வந்த புக்கை நான் பிரிச்சிப் பாக்கவே இல்ல. எழுதினவனுக்கு எதுக்குன்னு வெச்சிட்டேன்."

பிரித்துப் பார்க்கச் சொன்னேன். அங்கேயும் காற்புள்ளி.

மறுநாள் காலையும் பாபு போன் செய்தார். ஒரு இட்லியில் பாதி தின்றாளாம், மீதியை வைத்துவிட்டாளாம். கூட்டத்தில் எழுத்தாளரே வந்து சொல்வார் என்று சொல்லிவைத்தேன். எழுத்தாளருக்குத் தெரியாது என்பதைச் சொல்லவில்லை. என் வேலையில் அதுவரை ஒரு புத்தகத்தால் யாரும் பட்டினி கிடந்ததில்லை. அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். செயலாளர் வகுத்த நிகழ்ச்சி நிரலில் நேரில் நடக்கும் கூட்டத்தில் என்னென்ன உண்டோ அத்தனையும் இருந்தன. இறைவணக்கம் நான் பாடினேன். குத்துவிளக்கைச் செயலாளரின் வீட்டம்மா தங்கள் வீட்டுக் கூடத்தில் ஏற்றினார். திரியில் நெருப்பு பிடிக்கும் வரை பிள்ளைகள் எல்லாரும் செல்போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது பொன்னாடை. சால்வையை முன்கூட்டியே பள்ளிப்பட்டுக்கு அனுப்பியிருந்தோம். செயலாளர் இங்கே கேமராவுக்கு முன் இரண்டு கையையும் விரித்துப் போர்த்துவது போலக் காட்ட, அதே நொடியில் அங்கே முனிரத்தினம் சாரின் மருமகள் பின்னாலிருந்து போர்த்த வேண்டும் என்பது ஏற்பாடு. மருமகளுக்கு அவசரமோ என்னவோ, செயலாளர் கையைத் தூக்குமுன்பே முனிரத்தினம் சாரின் தோளில் சால்வை ஏறிவிட்டது.

"நான் போடறதுக்கு முன்னாடியே போட்டுகினாரும்மா. எடுக்கச் சொல்லு" என்றார் செயலாளர். மருமகள் எடுத்தார். செயலாளர் கையைத் தூக்கினார். மறுபடி போர்த்தினார்கள். இந்த முறை செயலாளருக்குத் திருப்தி.

எழுத்தாளரின் ஏற்புரை நிரலில் கடைசி. அதுவரை அவர் குரலை அடைத்து வைக்கும்படி எனக்கு உத்தரவு. அவர் எதையோ சொல்ல வேண்டும் என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துப் பிள்ளைகளும் திரும்பக் கையாட்டினார்கள்.

வாழ்த்துரைக்குத் துணைத் தலைவர் கோவிந்தராஜுலு வந்தார். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், தங்கமான மனிதர், எந்த நூலையும் வாழ்த்துவார்.

"அருமையான நாவல். அதுலயும் அந்தக் கடைசி அத்தியாயம் இருக்குதே, படிச்சிட்டு நான் தேம்பித் தேம்பி அழுதுட்டேன்" என்றார்.

திரையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் செல்போனுக்குப் பக்கத்தில் வந்தார்கள். கட்டம் கட்டமாக நெற்றிகள் மட்டும் தெரிந்தன.

"அங்கிள், உங்க புக்குல கடைசி அத்தியாயம் இருக்குதா?" என்று ஒரு குழந்தை கேட்டது.

"இருக்குதே" என்றார் அவர், பின்வாங்க வழியில்லாமல்.

"லட்டு என்னா ஆச்சி அங்கிள்?"

அவர் கடையில் யாரையோ தேடுவது போல இடமும் வலமும் பார்த்தார். "அது... போலீஸ் வந்து காப்பாத்திடுச்சிம்மா."

"எந்த போலீஸ் அங்கிள்? நம்மளுதா, ஆந்திராவா?"

"ஆறு பார்டர்ல இருக்குதே" என்றது இன்னொரு குரல்.

"ரெண்டு போலீசும் சேர்ந்து" என்றார் கோவிந்தராஜுலு. எருமையை எந்த ஸ்டேஷனில் கட்டினார்கள், யார் தவிடு வைத்தார்கள் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவர் போனை மேசைப் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் அவர் கட்டத்தில் மேசை விரிப்பின் பூப்போட்ட துணி தெரிந்தது.

யாமினியின் பெயரைக் கூப்பிட்டேன். அவள் வாய் அசைந்தது. ஆனால் எங்களுக்குக் கேட்டதெல்லாம் தறிச் சத்தம். ஏற்பாட்டுக்காரி என்ற முறையில் நான் பாபுவைக் கூப்பிட்டேன். அவர் ஓடிப்போய்த் தறியை நிறுத்தினார். சத்தம் பாதிதான் குறைந்தது.

"பக்கத்து வூட்டுத் தறி மேடம். தோ, சொல்லிட்டு வந்துடறேன்" என்று வெளியே ஓடினார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தறியும் நின்றது. அதற்கும் அடுத்த தறி தொலைவில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது. அந்தத் தெருவே நின்று காத்திருப்பது போல இருந்தது.

"சொல்லும்மா யாமினி. லட்டுவைப் பத்திதானே கேக்கணும்?" என்றேன்.

"இல்ல மேடம்."

"பின்ன?"

"லட்டுவுக்கு என்னா மேடம்? எருமை நல்லா நீந்தும். எங்க மாமா ஊர்ல ஏரியில பாத்துகினே இருப்போம். செல்விக்குத்தான் நீச்சல் தெரியாது. அஞ்சாவது பக்கத்துலயே போட்டுகீது. தண்ணி அவ இடுப்புக்கு வந்துடுச்சி. யாருமே அவளைப் பத்திக் கேக்க மாட்றீங்க."

பாபு மகளின் பின்னால் வந்து நின்றார். அவர் நெஞ்சு மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. நாங்கள் எல்லாரும் எருமையைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறோம், நானும்தான். அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனையோ முறை படித்தும் தண்ணீர் யாருடைய இடுப்புக்கு ஏறியது என்பது எனக்கு உறைக்கவில்லை.

"தாத்தா, அவ செத்துட்டாளா?" என்றாள் யாமினி.

முனிரத்தினம் சார் கையாட்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் அவர் குரலைத் திறந்துவிட்டேன்.

"ஏற்புரை கடைசிலம்மா" என்றார் செயலாளர். குரல் தாழ்ந்திருந்தது. நான் காதில் வாங்கவில்லை.

"கண்ணு..." என்று தொடங்கினார் முனிரத்தினம் சார். "நடு ஆத்துல நின்ன லட்டு திரும்பி..."

திரை இருண்டது. நாங்கள் பயன்படுத்தியது இலவசச் செயலி. குறிப்பிட்ட நேரம் முடிந்தால் அது தானாகவே கூட்டத்தைக் கலைத்துவிடும். சால்வையை இரண்டு முறை போர்த்தியதில் நேரம் போய்விட்டது.

மறுபடி இணைப்பை அனுப்பினேன். ஒவ்வொருவராக வந்தார்கள். யாமினிதான் முதலில் வந்தாள். "தாத்தா, சொல்லுங்க" என்றாள்.

"இரும்மா" என்றார் செயலாளர். "பழைய கூட்டம் முடிஞ்சிடுச்சி. இது புதுக் கூட்டம். இறைவணக்கம் பாடாம ஆரம்பிக்க முடியாது."

எனக்கு அழுகை வந்தது. சண்டை போட்டால் இன்னும் நேரம் போகும் என்று பாடினேன். செயலாளரின் வீட்டம்மா விளக்கை ஊதி அணைத்துவிட்டு மறுபடி ஏற்றினார். சால்வையைக் கழற்றி மறுபடி போர்த்தினார்கள். அம்மையார்குப்பத்தில் இன்னும் எந்தத் தறியும் ஓடவில்லை. அடுத்தது தலைமையுரை. செயலாளர் எழுந்து நின்று காகிதத்தைப் பார்த்தார், யாமினி இருந்த கட்டத்தைப் பார்த்தார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நிரலை மாத்தறதுக்குத் தலைமை வகிக்கறவருக்கு அதிகாரம் உண்டு. விதியில இருக்குது. அடுத்து ஏற்புரை" என்றார்.

முனிரத்தினம் சார் நேராக யாமினியிடம் பேசினார். "லட்டு திரும்பி அவ பக்கத்துல வந்துதும்மா. செல்வி அதோட வாலைப் புடிச்சிகினா. கெட்டியா புடிச்சிகினா. அது நீந்திப் போய்க் கரையேறிடுச்சி. அவளும் ஏறிட்டா."

"நெசமாவா தாத்தா?"

"ஆங், நெசமாத்தான். நான்தானே எழுதினவன்."

"வாலு வழுக்கலையா?"

"ரெண்டு சுத்து சுத்திப் புடிச்சிகினா."

யாமினி யோசித்தாள். அது நடக்கக் கூடியதுதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சரி தாத்தா" என்றாள். அப்படியே திரும்பி, "நைனா, பசிக்குது" என்றாள். எல்லாருக்கும் கேட்டது. செயலாளர் நன்றியுரை சொல்வதற்குள் தறிகள் ஓடத் தொடங்கிவிட்டன. அவர் யாருக்கெல்லாம் நன்றி சொன்னார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நூலகம் திறந்த பிறகு பிள்ளைகள் பிரதிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் எழுதிக் கேட்டிருந்ததால், விட்டுப்போன ஃபாரங்களும் பதிப்பகத்திலிருந்து கட்டாக வந்தன. வருத்தமும் தெரிவித்திருந்தார்கள். பிரித்துப் படித்தேன். லட்டு திரும்பி, கனைத்து, நீந்திக் கரையேறி, வீட்டுக்கு ஓடிவந்து, மாட்டுப் பொங்கலுக்கு மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. பதினாறு பக்கமும் லட்டுதான். செல்வியின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. எழுதியவர் அவளை ஆற்றிலேயே மறந்துவிட்டிருக்கிறார்.

செயலாளரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார்.

"அந்தப் பொண்ணு எங்கம்மா?"

"இல்லைங்க சார்."

பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் சொல்லச் சொல்லப் பதிப்பகத்துக்கு நான் எழுதிய கடிதம் எனக்கு மனப்பாடம்: 'தாங்கள் அனுப்பிய பக்கங்கள் சரிபார்க்கப்பட்டன. அவற்றில் ஒரு சிறுமியைக் காணவில்லை. எனவே பக்கங்கள் ஏற்கப்படாமல் திருப்பி அனுப்பப்படுகின்றன. சிறுமி கிடைத்தபின் அனுப்பி வைக்கவும்.'

பதிப்பகத்தார் கடிதத்தையும் பக்கங்களையும் அப்படியே முனிரத்தினம் சாருக்கு அனுப்பியிருக்கிறார்கள். சில வாரம் கழித்து அவரே பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறினார். கையில் அந்த ஃபாரக் கட்டு. கூடவே செல்வி என்ன ஆனாள் என்று எழுதிய தாள்கள், ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு தாள். எல்லாம் அவர் கையெழுத்து.

"ஜெராக்ஸ் எடுத்திருக்கலாமே சார்" என்றேன்.

"எடுக்கலாம்மா. ஆனா எழுதறப்போ ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வந்துது."

ஒரு நூலின் பிரதிகள் ஒன்றுக்கொன்று மாறுபடலாமா என்று செயலாளர் அன்று மதியம் முழுவதும் யோசித்தார். பிறகு, கூடாது என்று விதி எதுவும் இல்லை என்றார். பசை வாங்கி வந்து நானே ஒட்டினேன்.

அடுத்த ஞாயிறு பாபு யாமினியை வண்டியில் உட்காரவைத்து அழைத்து வந்தார். அவள் எல்லாப் பிரதிகளையும் கேட்டாள். ஒருவருக்கு ஒன்றுதான் தர முடியும் என்று செயலாளர் சொன்னார். இங்கேயே உட்கார்ந்து படித்தால் எத்தனை வேண்டுமானாலும் படிக்கலாம் என்றும் அவரே சொன்னார். யாமினி மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கடைசித் தாளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பாபு பெஞ்சியில் தூங்கிவிட்டார். படித்து முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எல்லாத்துலயும் கரையேறிட்டா மேடம்."

"சந்தோஷமா?"

"ஒன்னுல மட்டும் அவ செருப்பு ஆத்தோட பூடுச்சி. புதுச் செருப்பு. வூட்ல அடிச்சாங்களா மேடம்?"

செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். முனிரத்தினம் சாரின் எண்ணைத் தேடி அழுத்தி, தன் போனை அவள் கையில் கொடுத்தார்.